இரவல் வாங்கிய எந்திரம் கையில் இருக்கும்போது உடைந்தால்: யார் பொறுப்பு, என்ன செய்வது

"உன் கையில் இருந்தபோதுதான் உடைந்தது, நீதான் கொடுக்க வேண்டும்" என்பார் உடையவர். "பழைய மிஷின், ஏற்கெனவே போயிருந்தது" என்பார் வாங்கிப் போனவர். பெரும்பாலும் இருவருமே எந்திரத்தைத் திறந்து பார்க்கும் முன்பே பேசிவிடுகிறார்கள். உடைந்தபோது அது யார் கையில் இருந்தது என்பது பாதி விஷயம்தான். எதனால் உடைந்தது என்பதே பொறுப்பைத் தீர்மானிக்கிறது. அந்தக் காரணம் பெரும்பாலும் உடைந்த பாகத்திலேயே எழுதியிருக்கும். அதை அழிக்காமல் காப்பாற்றுவதும், படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுவதும்தான் இரவல் வாங்கியவரின் முதல் வேலை.

ஊரில் அதிகம் கைமாறும் பவர் ஸ்பிரேயர், புல்வெட்டும் பிரஷ் கட்டர், ஆங்கிள் கிரைண்டர், ஜெனரேட்டர், ரோட்டவேட்டர் ஆகியவற்றை வைத்தே இங்கே சொல்கிறோம்.

சட்டம் எங்கே நிற்கிறது

இரவலுக்கும் வாடகைக்கும் இந்தியாவில் பொருந்துவது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். அதில் 148ஆம் பிரிவிலிருந்து வருவது 'பெய்ல்மென்ட்'. ஒரு நோக்கத்துக்காகப் பொருளை ஒப்படைத்து, அது முடிந்ததும் திரும்பப் பெறும் ஏற்பாடு என்று பொருள். எழுத்தில் எதுவும் இருக்க வேண்டியதில்லை. "எடுத்துட்டுப் போப்பா" என்று சொல்லி எந்திரத்தைக் கையில் கொடுத்தாலே போதும்.

151ஆம் பிரிவு கவனத்தின் அளவைச் சொல்கிறது. சாதாரண அறிவுள்ள ஒருவர் இதே சூழலில் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ, அந்த அளவு கவனம் வேண்டும். ஓசியில் வாங்கினாலும் வாடகைக்கு எடுத்தாலும் அளவு ஒன்றுதான். அந்தக் கவனம் இருந்தும் பொருள் சேதமானால், தனியாக வேறு ஒப்பந்தம் இல்லாதவரை வாங்கியவர் பொறுப்பில்லை என்கிறது 152. ஆனால் கவனமாக இருந்தேன் என்று காட்டும் சுமை பொருளை வைத்திருந்தவர் மேல்தான் விழும். கதவும் பூட்டும் உள்ள கொட்டகையில் வைத்த ஜெனரேட்டர் பூட்டை உடைத்துத் திருடப்பட்டால் வாதாட இடம் இருக்கிறது. களத்து மேட்டில் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கியிருந்தால் இல்லை.

கொடுப்பவருக்கும் கடமை உண்டு. இலவசமாகக் கொடுப்பவர் தனக்குத் தெரிந்த கோளாறுகளைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டு அதனால் நேரடியாக நட்டம் வந்தால் அவர்தான் பொறுப்பு. வாடகைக்குக் கொடுப்பவர் நிலை இன்னும் கடுமை. கோளாறு தனக்குத் தெரியாது என்றாலும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. இது 150ஆம் பிரிவு.

இரவல் வாங்குபவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது 154இல். சொன்ன வேலைக்கு அல்லாமல் வேறு வேலைக்கு, சொன்ன ஆள் அல்லாமல் வேறு ஆள் பயன்படுத்தினால், எவ்வளவு கவனமாக இருந்தாலும் சேதத்துக்கு வாங்கியவரே பொறுப்பு. சட்டமே இதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறது: கல்கத்தாவிலிருந்து காசிக்குப் போக என்று சொல்லிக் குதிரையை வாடகைக்கு எடுத்தவர் கட்டாக்குக்குப் போகிறார். கவனமாகத்தான் ஓட்டினார், தற்செயலாகக் குதிரை விழுந்து அடிபட்டது. ஆனாலும் அவர்தான் ஈடு தர வேண்டும். தென்னந்தோப்புப் புல்வெட்ட என்று வாங்கிய பிரஷ் கட்டரை வேலிக்கருவேல் வெட்டப் பயன்படுத்துவதும், வாங்கியவர் அதைத் தன் மச்சானிடம் தள்ளிவிடுவதும் இதே கதைதான். அப்படிக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் உடையவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். அந்த ஒரு வார்த்தை பொறுப்பையே மாற்றிவிடும்.

வாங்கும்போது பத்து நிமிடம்

பாத்திர வாடகைக் கடைக்காரர்களைப் பாருங்கள். அண்டா எத்தனை, கரண்டி எத்தனை, எதில் நசுக்கல் இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்து வாங்கித்தான் வண்டியில் ஏற்றுவார்கள். பாத்திரத்தில் பெயரும் வெட்டியிருக்கும். அதனால்தான் கல்யாணம் முடிந்து திருப்பும்போது சண்டை குறைவு. பல ஆயிரம் ரூபாய் எந்திரத்தை மட்டும் நாம் வாய்ப் பேச்சில் வாங்கிக்கொண்டு வருகிறோம்.

தெரிந்தவர் வீட்டில் போய்ப் படம் எடுப்பதா என்று கூச்சமாக இருக்கும். "அண்ணே, எடுத்துட்டுப் போற மாதிரியே திருப்பித் தரணும்ல, அதுக்கு ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்" என்று சொன்னால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். எந்திரத்தின் நான்கு பக்கமும் ஒரு படம், வரிசை எண் பொறித்த தகட்டுக்கு ஒரு படம், ஏற்கெனவே இருக்கும் விரிசல், வெல்டிங், ஒழுகல் ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். பிறகு உடையவரையே ஸ்டார்ட் செய்யச் சொல்லி, ஓடும் சத்தம் கேட்கும்படி ஒரு நிமிட வீடியோ. எல்லாவற்றையும் அங்கேயே அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். நாளும் நேரமும் தானாகப் பதிவாகிவிடும்.

அவர் ஸ்டார்ட் செய்வதைப் பார்ப்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. எத்தனை இழுப்பில் கிளம்புகிறது, சோக்கை எங்கே வைக்கிறார், காலால் எதை மிதிக்கிறார் என்பதெல்லாம் அந்த எந்திரத்தின் குணம். வேறு எந்தப் புத்தகத்திலும் அது கிடைக்காது.

கேட்க வேண்டியவை: கடைசியாக எப்போது ஓட்டினீர்கள், எந்த வேலைக்கு? எரிபொருள் என்ன, ஆயில் கலக்க வேண்டுமா, எவ்வளவு? எதில் தகராறு பண்ணும்? எவ்வளவு நேரம் தொடர்ந்து ஓட்டலாம்? நின்றுவிட்டால் எந்த மெக்கானிக்? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். எந்திரம் நன்றாக இருக்கும்போதே கேட்டால் அது சாதாரணக் கேள்வி. உடைந்த பிறகு கேட்டால் தகராறின் தொடக்கம்.

பிறகு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். இந்த அளவு போதும்:

"அண்ணே, இன்னைக்கு 2 ஸ்ட்ரோக் ஸ்பிரேயர் எடுத்துட்டு வந்தேன். லான்ஸ் 1, வாஷர் செட் 1, டூல் பை 1. டேங்க் மூடியில விரிசல் இருக்கு, போட்டோ அனுப்பியிருக்கேன். கத்தரிக்கு மருந்து அடிக்க. நான்தான் ஓட்டுவேன். வியாழக்கிழமை சாயங்காலம் கொண்டுவந்து தர்றேன்."

எந்திரத்தின் நிலை, உதிரிகள், வேலை, ஆள், திருப்பும் நாள் எல்லாம் இதில் வந்துவிட்டன. பின்னால் பேச்சு வந்தால் இந்த ஐந்தையும் பற்றித்தான் வரும்.

எது எதனால் போகிறது

*ஸ்பிரேயரும் பிரஷ் கட்டரும்.* இவற்றில் இரண்டு வகை உண்டு. 2 ஸ்ட்ரோக் என்றால் பெட்ரோலிலேயே 2டி ஆயிலைக் கலக்க வேண்டும். 25:1 என்று போட்டிருந்தால் லிட்டருக்கு 40 மில்லி, 50:1 என்றால் 20 மில்லி. டேங்கில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். அழிந்திருந்தால் உடையவரைக் கேளுங்கள். 4 ஸ்ட்ரோக் என்றால் வெறும் பெட்ரோல், ஆயில் தனி அறையில் இருக்கும். சிறிய என்ஜினில் அது 100 மில்லி அளவுதான், அதனால் கொஞ்சம் குறைந்தாலும் ஆபத்து. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். ஆயில் ஊற்றத் தனி மூடியும் அளவுக் குச்சியும் இருந்தால் 4 ஸ்ட்ரோக்.

பைக்கிலிருந்து பிடித்த பெட்ரோலை அப்படியே 2 ஸ்ட்ரோக்கில் ஊற்றி ஓட்டுவதுதான் இரவல் எந்திரங்கள் சாகும் முதல் காரணம். உயவு இல்லாமல் பிஸ்டன் சூடேறி, சிலிண்டரைக் கீறி, பிடித்துக்கொள்ளும். சில நிமிடம் போதும். கயிறு இழுத்தால் அசையாது, அல்லது ஆறிய பிறகு அழுத்தமே இல்லாமல் தளர்ந்து வரும்.

இதைப் பிரிக்காமலே ஓரளவு கண்டுபிடிக்கலாம். மெக்கானிக் சைலன்சரைக் கழற்றினால், புகை போகும் துளை வழியாகப் பிஸ்டனின் பக்கவாட்டைப் பார்க்க முடியும். அங்கே பளபளவென்று நெடுக்குக் கோடுகளாகக் கீறல், எண்ணெய்ப் பசையே இல்லை என்றால் ஆயில் கலக்காத பெட்ரோல்மேல் சந்தேகம். ஏர் ஃபில்டர் பக்கம், அதாவது கார்புரேட்டர் பக்கம், பிஸ்டன் மங்கலாகத் தேய்ந்து ரிங்கும் மெலிந்திருந்தால் தூசி உள்ளே போயிருக்கிறது. ஒரு நாளில் வரும் தேய்மானம் அல்ல அது, பல மாதம் கிழிந்த ஃபில்டரோடு ஓடிய கதை. கீறல் புகைப் பக்கம் மட்டும் இருந்து எண்ணெய்ப் பசையும் இருந்தால் காற்று அதிகமாகக் கலந்து ஓடியிருக்கலாம். கார்புரேட்டருக்கு அடியில் கேஸ்கெட் கசிவதும், பெட்ரோல் வரும் சிறு துளையான ஜெட் அடைத்துப்போவதும் இதற்குக் காரணம், பெரும்பாலும் பழைய குறைகள். முதல் வகை வாங்கியவர் செலவு. மற்ற இரண்டும் உடையவர் செலவு.

ஸ்பிரேயரில் எந்திரம் உடையாமலே பெரிய நட்டம் வரும் வழி ஒன்று உண்டு, இதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. நெல்லுக்கு 2,4-டி களைக்கொல்லி அடித்த டேங்கை வாங்கிவந்து பருத்திக்கு மருந்து அடித்தால், மிச்சம் இருக்கும் மிகச் சிறிய அளவே பருத்தி இலையைச் சுருட்டிவிடும். தக்காளி, திராட்சை, வெண்டையும் இப்படியே. முன்பு என்ன அடித்தது என்று உடையவருக்குத் தெரியும், ஆகவே சொல்ல வேண்டியது அவர். கேட்க வேண்டியது நீங்கள். களைக்கொல்லி என்றால் டேங்க், குழாய், நாசில் மூன்றையும் மூன்று முறை அலசி, சலவைச் சோடா கரைத்த நீரை நிரப்பி ஓர் இரவு ஊறவிட்டு, மறுபடி அலசலாம். ஆனாலும் பருத்திக்கு அந்த டேங்கையே தவிர்ப்பது நல்லது. களைக்கொல்லிக்குத் தனி ஸ்பிரேயர் வைத்திருப்பவரிடம் மட்டும் இரவல் கேளுங்கள். நீங்கள் களைக்கொல்லி அடித்துவிட்டுத் திருப்பினால், அதைச் சொல்லாமல் கொடுப்பது எந்திரத்தை உடைப்பதைவிட மோசம்.

*ஆங்கிள் கிரைண்டர்.* கார்பன் பிரஷ் தேய்ந்து நின்றுபோனால் அது யார் குற்றமும் இல்லை, தேயவே செய்யப்பட்ட பாகம். ஐந்தாறு மில்லிமீட்டருக்குக் கீழே குறைந்தால் மாற்ற வேண்டியதுதான். உங்கள் கையில் நின்றாலும் அது பல மாதத் தேய்மானம். விலையும் சொற்பம், கேட்காமலே மாற்றிக் கொடுத்துவிடுங்கள். உள்ளே சுழலும் பாகமான ஆர்மேச்சர் புகைந்து போவது வேறு. அதிகமாக அழுத்தி வேகம் இறங்கும்படி வெட்டினாலும், நாற்பது அடிக்கு மெல்லிய ஒயர் இழுத்து மின்னழுத்தம் குறைந்த நிலையில் ஓட்டினாலும் அதன் கம்பிச் சுருள் சூடேறும். நீளமாக இழுக்க வேண்டும் என்றால் 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போடுங்கள், சுருட்டி வைத்தபடி ஓட்டாதீர்கள். வட்டு சுற்றிக்கொண்டிருக்கும்போதே, வட்டை மாற்றும்போது அழுத்தும் பூட்டுப் பட்டனை அழுத்தினால் கியர் தலை உடையும். பட்டனுக்கு எதிரே வார்ப்பில் விரிசல் விழுந்திருப்பதைப் பார்த்ததும் மெக்கானிக் கண்டுபிடித்துவிடுவார். 4 அங்குல மிஷினில் வட்டை மூடும் உறையைக் கழற்றிவிட்டு 5 அங்குல வட்டோ மரம் அறுக்கும் பிளேடோ மாட்டுவது எந்திரப் பொறுப்போடு முடியாது, உயிரோடு விளையாடுவது. உறை இல்லாமல் வரும் கிரைண்டரை வாங்கவே வாங்காதீர்கள்.

*ஜெனரேட்டர்.* ஒரு குதிரைத்திறன் மோட்டார் என்றால் 746 வாட் என்று கணக்குப் போட்டு, 1 கே.வி.ஏ. ஜெனரேட்டரை இரவல் வாங்கி வருகிறார்கள். 746 என்பது மோட்டார் வெளியே தரும் திறன். உள்ளே இழுப்பது 1000 வாட்டுக்கும் மேல். கிளம்பும் நொடியில் மின்னோட்டம் ஐந்தாறு மடங்கு ஏறும். ஜெனரேட்டர் திணறும், மின்னழுத்தத்தைச் சீராக்கும் ஏ.வி.ஆர். அல்லது கம்பிச் சுருளான வைண்டிங் போகும். இது முழுக்க வாங்கியவர் பொறுப்பு, சந்தேகமே இல்லை. சுமையைப் போடாமல் ஸ்டார்ட் செய்து, இரண்டு மூன்று நிமிடம் ஓடிய பிறகு ஒவ்வொன்றாக இணையுங்கள். நிறுத்தும்போது முதலில் சுமையை எடுத்துவிட்டு என்ஜினை அணையுங்கள். சுமையோடு பெட்ரோல் தீர்ந்து தானாக நிற்க விட்டால், காந்தத் தன்மை இழந்து அடுத்த முறை என்ஜின் ஓடும், மின்சாரம் வராது. எடுத்துக்கொண்டு வரும் வழியில் சாய்த்துப் படுக்க வைத்திருந்தால் ஆயில் ஏர் ஃபில்டருக்குள் இறங்கியிருக்கும். சமதளத்தில் வைத்து அளவுக் குச்சியைப் பார்க்காமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

*ரோட்டவேட்டர்.* டிராக்டர் உங்களுடையது, அதன் பின்னால் மாட்டும் இந்தச் சுழல் கலப்பை மட்டும் இரவல் என்னும்போது வரும் தகராறு இது. ஷியர் போல்ட் என்று ஒன்று இருக்கும் மாடல்களில், கல்லில் இடித்தால் அது முறிந்து கியர் பாக்ஸைக் காப்பாற்றும். முறிவதற்கென்றே போட்ட போல்ட் அது. முறிந்தால் சேதம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அது அடிக்கடி முறிகிறதே என்று கெட்டியான உயர் தர போல்ட்டையோ இரும்புக் கம்பியையோ செருகினால், அடுத்த கல்லில் உடைவது கியர். அப்போது முழுச் செலவும் செருகியவருடையது. உடையவரே அப்படிச் செருகிக் கொடுத்திருந்தால் அவருடையது. அதனால் வாங்கும்போதே அந்த போல்ட்டைப் பார்த்துப் படம் எடுங்கள். திருப்பத்தில் கலப்பையைத் தூக்காமல் வளைத்தால் பிளேடும் தாங்கியும் நெளியும். டிராக்டரிலிருந்து கலப்பைக்குச் சுழற்சி தரும் பி.டி.ஓ. தண்டு ஓடும்போதே மிக உயரத் தூக்கினால், அதன் மூட்டில் இருக்கும் கிராஸ் பேரிங் போகும். பிளேடு தேய்வது மட்டும் இயல்பு. பத்து ஏக்கருக்குமேல் இரவலில் ஓட்டினால் தேய்ந்த பிளேடுக்கு ஒரு பங்கு தருவது முறை என்பது எங்கள் கருத்து.

நின்றுவிட்டால், அந்த ஒரு மணி நேரம்

நிறுத்துங்கள். இன்னொரு முறை இழுத்துப் பார்ப்போம் என்று இழுக்காதீர்கள். லேசாகப் பிடித்த பிஸ்டன் அந்த இழுப்பில்தான் சிலிண்டரையும் கெடுக்கும். பெட்ரோல் வால்வை மூடி, பிளக் ஒயரைக் கழற்றிவிடுங்கள். மின் எந்திரம் என்றால் பிளக்கைப் பிடுங்குங்கள்.

பிரிக்காதீர்கள். நல்லெண்ணத்தில் செய்யும் இந்தக் காரியம்தான் அதிகம் கெடுக்கிறது. நீங்கள் திறந்த எந்திரத்தில் பிறகு எது காணாமல் போனாலும், எது கீறியிருந்தாலும் உங்கள் கணக்கில் சேரும். பிளக்கைக் கழற்றித் துடைப்பது, ஏர் ஃபில்டரைத் தட்டுவது, அதே ஆம்பியர் ஃபியூஸ் போடுவது வரை சரி. அதைத் தாண்டி வேண்டாம்.

உடைந்த துண்டுகள், சிதறிய போல்ட், அறுந்த பெல்ட் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். டேங்கில் இருக்கும் எரிபொருளைக் கொட்டிவிடாதீர்கள். இருநூறு மில்லி ஒரு பாட்டிலில் எடுத்து மூடி, நாள் எழுதி வைத்தால் ஆயில் கலந்ததா இல்லையா என்ற பேச்சே எழாது. 2டி ஆயிலுக்குப் பெரும்பாலும் நிறம் உண்டு, கலந்த பெட்ரோலைக் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டால் ஆவியான பிறகும் பிசுக்கு நிற்கும். எந்திரம் நின்ற இடத்தையும் செய்துகொண்டிருந்த வேலையையும் படம் எடுங்கள்.

அன்றைக்கே சொல்லிவிடுங்கள். சரிசெய்துவிட்டுச் சொல்லலாம் என்று மூன்று நாள் தள்ளினால், உண்மையிலேயே உங்கள் தவறு இல்லாவிட்டாலும் மறைத்ததாகத்தான் தெரியும். என்ன நடந்தது என்று மட்டும் சொல்லுங்கள், காரணத்தை ஊகிக்காதீர்கள்: "அண்ணே, பதினொரு மணிக்கு ரெண்டாவது டேங்க் அடிக்கும்போது சத்தம் மாறி நின்னுடுச்சு. கயிறு அசையல. நான் எதையும் கழட்டல. உங்க மெக்கானிக்கிட்ட எடுத்துட்டுப் போகட்டுமா, நீங்களும் வர்றீங்களா?" ஆயில் ஊற்ற மறந்திருந்தால் அதையும் இதே பேச்சில் சொல்லிவிடுங்கள். பிஸ்டன் எப்படியும் சொல்லிவிடும்.

மெக்கானிக்கை உடையவர் தேர்ந்தெடுக்கட்டும். திறக்கும்போது நீங்கள் அங்கே இருங்கள். திறந்ததும் படம், மாற்றுவதற்கு முன்பு விலை, மாற்றிய பழைய பாகம் உடையவர் கைக்கு, பில் அவர் பெயரில். உத்தரவாதக் காலத்தில் இருக்கும் எந்திரம் என்றால் வெளி மெக்கானிக் தொடவே கூடாது, நிறுவனத்தின் சர்வீஸ் மையத்துக்குத்தான் போக வேண்டும். தொட்டுவிட்டால் உத்தரவாதமும் போய்விடக்கூடும், அந்த நட்டமும் சேர்ந்துவிடும்.

பணக் கணக்கு

தவறாகப் பயன்படுத்தியதால் போனது வாங்கியவருடையது. தேய்மானமும் மறைந்திருந்த குறையும் உடையவருடையது. சிக்கல் வருவது நடுவில்: தவறு உங்களுடையதுதான், ஆனால் ஆறு வருடப் பழைய பாகத்துக்குப் பதில் புத்தம் புதியது போடுகிறீர்கள். முழு விலையும் நீங்கள் கொடுத்தால் உடையவருக்கு லாபம்.

இதற்கு நல்ல அளவுகோல் ஒன்று வாகனக் காப்பீட்டில் இருக்கிறது. விபத்தில் மாற்றும் பாகங்களுக்கு இந்திய மோட்டார் கட்டண விதி வயதைப் பார்த்துக் கழிப்பது இப்படி: ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகம், டயர், பேட்டரி எல்லாவற்றுக்கும் 50 சதவீதம். ஃபைபர் கிளாஸ் 30. மற்ற பாகங்களுக்கு வண்டியின் வயதுப்படி, ஆறு மாதம் வரை கழிவு இல்லை, ஒரு வருடம் வரை 5, இரண்டு வரை 10, மூன்று வரை 15, நான்கு வரை 25, ஐந்து வரை 35, பத்து வரை 40, அதற்குமேல் 50. இரவல் எந்திரத்துக்கு இது சட்டமாகப் பொருந்தாது. ஆனால் இருவரில் யாரும் உருவாக்காத அளவு என்பதால் இருவரும் ஏற்பார்கள்.

எடுத்துக்காட்டாக, ஆறு வயது ஸ்பிரேயரில் ஆயில் கலக்காமல் பிஸ்டன், சிலிண்டர் செட் போய்விட்டது. பாகம் 2,400 ரூபாய், கூலி 600 என்று வைத்துக்கொள்வோம். பாகத்தில் 40 சதவீதம் கழித்தால் 1,440. கூலிக்குக் கழிவு இல்லை. ஆக 2,040 ரூபாய் வாங்கியவர் பங்கு. பழுதுச் செலவு எந்திரத்தின் இரண்டாம் கை விலையைத் தாண்டினால், இரண்டாம் கை விலையே உச்சம். அந்த விலையைக் கொடுத்துவிட்டு உடைந்த எந்திரத்தை நீங்கள் வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக் கணக்குத் தெரிந்திருப்பது நல்லது. ஆனால் ஓசியில் வாங்கியவர் இந்தக் கழிவைத் தானாக எடுத்துப் பேசக் கூடாது என்பதே எங்கள் கருத்து. முழுப் பில்லையும் கொடுக்க முன்வாருங்கள். குறைத்துக்கொள்ள வேண்டியது உடையவர். வாடகை மிச்சமான வகையில் உங்களுக்கு ஏற்கெனவே ஒரு லாபம் வந்திருக்கிறது. காரணமே தெரியாமல் போன கோளாறுக்கும் இதே முறைதான்: இலவசம் என்றால் வாங்கியவர் ஏற்பது நியாயம், வாடகை என்றால் பாதிப் பாதி. பழுது முடியும்வரை உடையவருக்கு அந்த எந்திரம் தேவைப்பட்டால், வேறொன்றை வாடகைக்கு எடுத்துக் கொடுப்பதும் உங்கள் பங்கில் சேரும். மருந்தடிக்கும் பருவத்தில் ஸ்பிரேயர் இல்லாமல் நான்கு நாள் போனால் பயிருக்கு வரும் சேதம் பிஸ்டன் விலையைவிடப் பெரிது.

வாடகையும் டிரைவரோடு வரும் எந்திரமும்

வேளாண்மைப் பொறியியல் துறையிலோ கூட்டுறவுச் சங்கத்தின் வாடகை மையத்திலோ தனியாரிடமோ டிரைவரோடு டிராக்டரும் ரோட்டவேட்டரும் வந்தால், எந்திரம் உங்கள் பொறுப்பில் வருவதே இல்லை. அது அவர்கள் ஆள் கையில் இருக்கிறது. உடைந்தால் அவர்கள் செலவு. ஆனால் வயலில் புதைந்த பாறை, மூடிய பழைய கிணறு, வேர்க்கட்டை, மண்ணுக்கடியில் போகும் சொட்டுநீர்க் குழாய், மின் கேபிள் ஆகியவை உங்களுக்குத்தான் தெரியும். இறங்குவதற்கு முன் ஒவ்வொன்றிலும் குச்சி நட்டுத் துணி கட்டிக் காட்டுங்கள். தெரிந்தும் சொல்லாமல் விட்டால் பழி உங்கள்மேல் வர நியாயம் இருக்கிறது.

டிரைவர் இல்லாமல் வாடகைக்கு எடுக்கும்போது ரசீதின் பின்பக்கத்தைப் படியுங்கள். "என்ன சேதமானாலும் எடுத்தவர் பொறுப்பு" என்ற வரி இருந்தால் 152ஆம் பிரிவு தரும் பாதுகாப்பை அது மாற்றிவிடும். "இயல்பான தேய்மானம் தவிர" என்று எழுதிச் சேர்க்கச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். முன்பணத்துக்குத் தனி ரசீது கேளுங்கள். முன்பணத்தைப் பழுதுக்குப் பிடித்தால் மெக்கானிக் பில்லும் பழைய பாகமும் காட்டச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. கோளாறான எந்திரத்தைக் கொடுத்துவிட்டுப் பணம் பிடித்தால் அது சேவைக் குறைபாடு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் தரலாம்.

டிராக்டரையே இரவல் வாங்கினால் உரிமம் இல்லாத யாரும் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கொடுத்ததையும் உடையவரிடம் திரும்பக் கேட்க வழி இருக்கிறது. அந்தத் தொகை எந்தப் பழுதுச் செலவோடும் ஒப்பிட முடியாதது.

உடைந்ததற்காகப் போலீசில் புகார் என்று யாராவது மிரட்டினால், தவறியோ கவனக்குறைவாலோ எந்திரம் உடைவது உரிமையியல் (சிவில்) விவகாரம். இரவல் பொருளை விற்றாலோ அடகு வைத்தாலோ, இல்லவே இல்லை என்று சாதித்தாலோதான் அது குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவில் நம்பிக்கை மோசடிக் குற்றமாகும்.

திருப்பும்போது

சொன்ன நாளில் திருப்புங்கள். 161ஆம் பிரிவின்படி, உரிய நேரத்தில் உங்கள் தவறால் திருப்பாமல் விட்டால் அதற்குப் பிறகு வரும் எந்தச் சேதத்துக்கும் நீங்களே பொறுப்பு. வியாழக்கிழமை தர வேண்டியது வெள்ளிக்கிழமை இரவு இடிமழையில் கொட்டகையோடு நசுங்கினால், கவனமாகத்தான் வைத்திருந்தேன் என்ற வாதம் எடுபடாது. தாமதம் ஆகும் என்றால் அந்த நாளுக்கு முன்பே கேட்டுச் சம்மதம் வாங்குங்கள்.

இலவசமாக வாங்கிய எந்திரத்தை எந்த எரிபொருள் அளவில் வாங்கினீர்களோ அந்த அளவாவது நிரப்பிக் கொடுங்கள். ஆனால் உடையவர் உடனே ஓட்டப் போவதில்லை என்றால் டேங்கைக் காலி செய்து, கார்புரேட்டரில் இருப்பதும் எரிந்து தீரும்வரை சுமையில்லாமல் ஓடவிட்டு நிறுத்துங்கள். இப்போது பெட்ரோல் பங்கில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல். ஈரத்தை இழுத்து, இரண்டு மூன்று மாதம் நின்றால் ஜெட்டை அடைக்கும், உலோகத்தை அரிக்கும். அடுத்த பருவத்தில் அது ஸ்டார்ட் ஆகாமல் போனால் கடைசியாக ஓட்டியவர் பெயர்தான் வரும். கலந்து மிச்சமான 2டி பெட்ரோலைத் தனி கேனில் ஊற்றி, கலவை அளவை எழுதி, எந்திரத்தோடு கொடுங்கள். பைக்கில் ஊற்றிவிடக் கூடாது என்று வாயாலும் சொல்லுங்கள்.

உதிரிகளைச் செய்தியில் எழுதிய பட்டியலோடு ஒப்பிட்டு எண்ணிக் கொடுங்கள். உடையவர் எதிரிலேயே ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு, ஒரு வீடியோ எடுத்து அவருக்கே அனுப்புங்கள். பழுது பார்த்துத் திருப்புவதாக இருந்தால் பத்து நிமிடம் சுமையோடு ஓட்டிக் காட்டுங்கள். புதுப் பிஸ்டன் போட்ட 2 ஸ்ட்ரோக் என்றால் முதல் சில டேங்குக்கு முழு வேகத்தில் தொடர்ந்து ஓட்டக் கூடாது என்று மெக்கானிக் சொன்னதை அவருக்கும் சொல்லிவிட்டு, பில்லையும் பழைய பிஸ்டனையும் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.